மணிக்கோபுரத்தில் மூன்று கத்தல்

கார் நிற்பதற்கு முன்பே முதல் கல் வந்து விழுந்தது.

முன்கண்ணாடி மொத்தமாக நொறுங்கி சைரனின் மடியில் கொட்டியது. ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் எத்தனையோ பேர் உடம்பிலிருந்து கண்ணாடிச் சில்லு பொறுக்கியவள் அவள். சொந்த மடியிலிருந்து பொறுக்குவது இதுதான் முதல் தடவை.

"அத்தான், வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

"போன மாசமே முடிஞ்சுபோச்சு."

"அப்ப நான் கோபப்படலாம்."

அவளுடைய அக்கா புருஷன் பக்கத்து இருக்கையில் சட்டைக் காலரில் விழுந்த சில்லை இரண்டு விரலால் எடுத்து, பார்த்து, வெளியே போட்டார். துப்பறியும் தொழிலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: நிதானம். வீடு தீப்பிடித்தால்கூடச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அக்கா சொல்வாள். சைரன் என்ற பெயர் எப்படி வந்தது என்று அவள் வாயைத் திறந்ததும் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

தேவாலய வாசலில் நூறு பேர் இருக்கும். கையில் கல், கடப்பாரை, கட்டை. பின்னால் ஒரு வண்டி நிறைய ஈர வைக்கோலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கறிக்கடைக்காரர், கடையிலிருந்து நேராக வந்துவிட்டார் போல, மார்பில் ரத்தக்கறைத் துணியும் கையில் வெட்டுக்கத்தியுமாக நின்றார். செத்துப்போனது அவருடைய அப்பா. ஊரே வரலாற்று வாத்தியார் என்று கூப்பிட்ட மனிதர். வருகிற வெளியூர்க்காரர்களை எல்லாம் கோபுரத்தில் ஏற்றி, தங்கள் முன்னோர்கள் கடல் தாண்டி வந்த கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். காலையில் அதே கோபுரத்தின் உச்சி ஜன்னலிலிருந்து விழுந்து கல்தரையில் மண்டை பிளந்து கிடந்தார். ரத்தம் இன்னும் காயவில்லை. யாரோ மேலே ஒரு சாக்கைப் போட்டிருந்தார்கள்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் தலைதெறிக்க ஓடி வந்து காரின் கதவைப் பிடித்தாள். மணிக்காரரின் மனைவி. போன் பண்ணிக் கூப்பிட்டது அவள்தான்.

"அக்கா, என் ரெண்டு புள்ளைங்க பொறந்தப்பவும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நீங்கதான். இப்ப அதுங்க அப்பனையும் நீங்கதான் கொண்டுவரணும். மேல மணி ரூமுல பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. எறங்கினா வெட்டிடுவாங்க. எறங்கலைன்னா வைக்கோலக் கொளுத்திப் புகைபோட்டுக் கொன்னுடுவாங்க."

"அவர் தள்ளலையா?" என்றார் நிதானம்.

"கல்லறைத் தோட்டத்துல புல்லு வெட்டிட்டு இருந்தவருங்க! சத்தம் கேட்டு ஓடி வந்து வாத்தியாரத் தூக்கியிருக்காரு. சட்டையெல்லாம் ரத்தம். அதுக்குள்ள பழைய சுவரப் பாக்க வந்த அந்தக் கல் நிபுணர் 'இவன்தான் தள்ளினான், நான் பாத்தேன்'னு கத்திட்டாரு. அடிச்ச அடியில ஒரு கண்ணு போச்சோ என்னமோ. தப்பிச்சுக் கோபுரத்துக்குள்ள ஓடிட்டாரு."

"நல்லா விசாரிக்காமலே அடிச்சாங்களா?"

அவள் கசப்பாகச் சிரித்தாள். "நாங்க ரெண்டாம் கப்பல் சார். எங்களுக்கு எதுக்கு விசாரணை?"

இந்த ஊரில் அந்த ஒரு வாக்கியம் போதும். ஆறு தலைமுறைக்கு முன்னால் இரண்டு கப்பல்களில் வந்து இறங்கிய ஜனம் இது. வீடு கட்டுவதற்கு முன்பே தேவாலயத்தைக் கட்டினார்கள், அதையும் கோட்டை மாதிரிக் கட்டினார்கள். கொள்ளைக்காரர்கள் வந்தபோது முதல் கப்பல்காரர்கள் கோபுரத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டாம் கப்பல்காரர்கள் வெளியே நின்று கதவைத் தட்டினார்கள். கதவு திறக்கவே இல்லை. வாத்தியார் சொல்லும் வரலாற்றில் கோபுரத்துக்கு உள்ளே நடந்ததெல்லாம் வரும், வெளியே நடந்தது மட்டும் வராது. இன்றைக்கும் முன் பெஞ்சு முதல் கப்பலுக்கு. மணி அடிக்கவும் குழி வெட்டவும் இரண்டாம் கப்பல். இரண்டுக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் கிடையாது, சம்பந்தம் கிடையாது. ஒரே சாமியைத்தான் கும்பிடுகிறார்கள் என்பதை நினைத்தால் சைரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ள போறப்ப பாத்துப் போங்க சார்," என்றாள் மணிக்காரரின் மனைவி, நிதானத்தின் காதருகே. "அங்க ஒரு..."

அடுத்த கல் காரின் கூரையில் இடித்தது. மிச்சத்தைச் சைரன் கேட்கவில்லை. கல் எறிந்தவனைப் பார்த்து அவள் திட்டிய திட்டில் நாலைந்து பேர் வழிவிட்டார்கள்.

கோபுர வாசலில் இன்ஸ்பெக்டர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டே மாதம். கூட இரண்டு கான்ஸ்டபிள்கள், ஒருவருக்கு மூக்கு உடைந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில், இந்தக் கலவரத்துக்கே சம்பந்தம் இல்லாத மாதிரி, இஸ்திரி கலையாத வெளிர் நிறப் பேண்ட்டும் சட்டையுமாகக் கல் நிபுணர் நின்றார். பழைய சுவர்களைப் பரிசோதிக்க வெளிநாட்டிலிருந்து சபை வரவழைத்த ஆள். வயது நாற்பது இருக்கும். முதல் கப்பலும் இல்லை, இரண்டாம் கப்பலும் இல்லை. அதனால்தான் அவர் சொன்ன வார்த்தையை ஊர் அப்படியே நம்பியது.

"நீங்க என்ன பாத்தீங்க?" நிதானம் கேட்டார்.

"அடிச்சுவரை அளந்துட்டு இருந்தேன். நிமிர்ந்து பார்த்தா, ஜன்னல்ல ரெண்டு பேரு. மணிக்காரர் ரெண்டு கையாலயும் தள்ளினாரு. பிறகு கீழ ஓடி வந்து உயிர் இருக்கான்னு தொட்டுப் பார்த்தாரு."

"நீங்க மேல ஏறிப் பாக்கலையா?"

"வேலையே இன்னும் மேல போகலைங்க. கோபுரத்துக்குள்ள நான் கால் வெச்சதே இல்ல."

நிதானம் தலையாட்டிவிட்டுக் கறிக்கடைக்காரரிடம் போனார். ஓங்கிய கத்திக்கு முன்னால் நின்று, பஸ் எப்போது வரும் என்று விசாரிக்கிற குரலில் பேசினார்.

"மணிக்காரர நான் கீழ கூட்டிட்டு வரேன். ஆனா சாட்சியும் எங்கூட மேல வரணும். அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அதுவரைக்கும் வைக்கோலக் கொளுத்தாதீங்க."

"வராம ஏமாத்தினா?"

"எங்க எல்லாரையும் சேத்துக் கொளுத்துங்க. இன்ஸ்பெக்டரும் வராரு, அவரையும்."

"என்னைக் கேட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னையும்தான் கேக்கல," என்றாள் சைரன். "பழகிக்கோங்க சார்."

கறிக்கடைக்காரரின் கண் சிவந்து வீங்கியிருந்தது. அழுதிருக்கிறார். "சீக்கிரம்," என்றார்.

கோபுரத்தின் கதவைக் கோடரியால் பிளந்திருந்தார்கள். உள்ளே ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய சுழல் படிக்கட்டு. படிக்கட்டின் ஜன்னல்களை அந்தக் காலத்திலேயே செங்கல் வைத்து அடைத்துவிட்டதால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. இன்ஸ்பெக்டர் டார்ச்சை எடுத்தார். நிதானம் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"வெளிச்சத்தப் பாத்தா தாக்க வராங்கன்னு நெனைப்பான். இருட்டுலயே போவோம்."

நிதானம் முதலில், சைரன் அடுத்து, இன்ஸ்பெக்டர் மூன்றாவது, கல் நிபுணர் கடைசி. சுவரைத் தடவித் தடவி ஏறினார்கள். பாதித் தூரத்தில், முன்னால் போன நிதானம் தடாலென்று விழுந்து, "அம்மா!" என்று கத்தினார். பதினைந்து வருடத்தில் அவர் கத்தி சைரன் கேட்டதில்லை. என்னவோ ஏதோ என்று பதறி இரண்டே எட்டில் பாய்ந்தவளின் கெண்டைக்காலுக்கு முன்பக்கம் கல்லின் விளிம்பு கத்தி மாதிரி இறங்கியது.

"ஐயோ! எந்தக் கட்டையில போறவன் கட்டின படி இது! அத்தான், சொல்லக்கூடாதா? இங்க..."

ஒரு கை அவள் வாயைப் பொத்தியது. நிதானத்தின் கை. அவள் அந்தக் கையைக் கடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்ஸ்பெக்டர் விழுந்தார். அவர் சொன்ன வார்த்தை தேவாலயத்துக்குள் சொல்லத் தகுந்தது அல்ல.

வாயிலிருந்து கை எடுபட்டது. எல்லோரும் மறுபடி ஏறினார்கள். காலில் ரத்தம் வழிந்து செருப்புக்குள் பிசுபிசுத்தது. அந்த எரிச்சலில் சைரன் வேறு எதையும் கவனிக்கவில்லை.

படிக்கட்டு முடிகிற இடத்தில் தலைக்கு மேலே ஒரு பலகைக் கதவு. நிதானம் அதைத் தட்ட, கதவு ஒரு சாண் திறந்து இரும்புத் தடி ஒன்று இறங்கியது. தலைக்கு வந்ததைத் தோளில் வாங்கிக்கொண்டார். எலும்பில் இரும்பு விழுகிற சத்தம் சைரனுக்குத் தெரியும்.

"யாரு வந்தாலும் மண்டைய ஒடைப்பேன்!" மேலே ஒரு குரல் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தியது. "ஒருத்தன் கைய ஒடைச்சாச்சு. இன்னும் எவன் வரான்?"

சைரன் அடித்தொண்டையிலிருந்து குரல் கொடுத்தாள். "டேய்! மயக்கம் போட்டு விழுந்தா நடுரோட்டுலயே எறக்கி விட்டுடுவேன்னு ஒருத்தி சொன்னாளே, ஞாபகம் இருக்கா?"

தடி உள்ளே போனது. பிறகு, "ஆம்புலன்ஸ் அக்காவா?"

"உன் பொண்டாட்டிக்கு வலி வந்தா நீ மயக்கம் போடுவ. அவ சும்மா இருந்தா ஊரு மண்டைய ஒடைப்பியா? கதவத் தொறடா."

கதவு திறந்தது.

மணி அறையில் வெளிச்சம் கண்ணைக் கூசியது. நடுவில் ஆள் உயரத்துக்கு வெண்கல மணி. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்காரர் நின்றார். ஒரு கண் மூடிக் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. முன்பல் இரண்டைக் காணோம். சட்டையில் யார் ரத்தம் எது என்று பிரிக்க முடியாது. இன்ஸ்பெக்டர் ஜன்னலை நோக்கிப் போனதும், "அங்க நிக்காதீங்க சார், மணி ஆடினா அந்தப் பக்கம்தான் வரும்," என்றார். பிறகு கடைசியாக ஏறி வந்த ஆளைப் பார்த்தார்.

அவ்வளவுதான். தடியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கல் நிபுணரின் கழுத்தைப் பிடித்தார். "பொய்க்காரப் பாவி! என் புள்ளைங்க உன்ன என்னடா பண்ணுச்சு?" இருவரும் சுவரில் மோதினார்கள். இன்ஸ்பெக்டரும் சைரனும் சேர்ந்து இழுத்தும் அந்த விரல்கள் விடவில்லை. கல் நிபுணரின் முகம் நீலம் பாரிக்க ஆரம்பித்தது.

"விடுப்பா," என்றார் நிதானம், தோளைப் பிடித்துக்கொண்டு. "நீ கொன்னுட்டா எனக்குக் கேஸே இருக்காது. முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. நடுவுல என்னையக் கவுத்த படி எது?"

மணிக்காரரின் பிடி தளர்ந்தது. இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "அதுவா? அது ஒரு முழம் உசரம் சார், மத்ததெல்லாம் அரை முழம். கொள்ளைக்காரன் ஓடி வந்தா தடுக்கி விழணும்னு கப்பல் தச்சருங்க வெச்சது. விழுந்தவன மேல இருந்து வெட்டுவாங்களாம். வெளியாளு எவன் வந்தாலும் அதுல விழுவான். வாத்தியாருக்கு அது ஒரு விளையாட்டு. வரவங்ககிட்ட சொல்லவே மாட்டாரு. விழுந்தப்புறம் சிரிச்சுட்டு, அங்க நின்னுதான் கதையவே ஆரம்பிப்பாரு."

"நீங்க விழமாட்டீங்களா?"

"நாங்க எப்படி சார் விழுவோம்? இங்க பொறந்தவனுக்குக் காலே தானாத் தாண்டிடும்."

நிதானம் பேண்ட்டைத் தூக்கினார். முட்டி கிழிந்து ரத்தம். "சைரன், உன் காலக் காட்டு." காட்டினாள். "இன்ஸ்பெக்டர், நீங்க." காக்கித் துணி கிழிந்து உள்ளே தோல் உரிந்திருந்தது.

"ஐயா," என்று கல் நிபுணரிடம் திரும்பினார். "உங்க முட்டியக் கொஞ்சம் பாக்கலாமா?"

அந்த வெளிர் நிறப் பேண்ட்டை எல்லோரும் பார்த்தார்கள். கழுத்தில் விரல் தடம் இருந்தது, சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. ஆனால் முட்டிக்குக் கீழே ஒரு தூசி இல்லை. இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

சைரனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அத்தான், நாம நாலு பேரு ஏறினோம்..."

"மூணு கத்தல்தான் கேட்டுச்சு," என்றார் நிதானம். "வாசல்ல மணிக்காரர் பொண்டாட்டி என் காதுல சொன்னது இந்தப் படியப் பத்திதான், டார்ச்ச வாங்கினதும் அதுக்குத்தான். கோபுரத்துக்குள்ள கால் வெச்சதே இல்லன்னு சொன்ன மனுஷன், கும்மிருட்டுல, ஒரு முழப் படிய மூச்சு வாங்காமத் தாண்டி வந்திருக்காரு."

அதுவரை அமைதியாக இருந்த மனிதர் அடுத்த நொடி வேறு ஆளானார். கீழே கிடந்த இரும்புத் தடியை எடுத்து இன்ஸ்பெக்டரின் தாடையில் ஒரே வீச்சு. அவர் பல்லைத் துப்பிக்கொண்டு சுருண்டார். தடி திரும்பி நிதானத்தின் உடைந்த தோளிலேயே மறுபடி விழ, அவர் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். சைரன் பாய்ந்தாள். அவள் முடியைப் பிடித்துச் சுழற்றி, தடியைக் குறுக்காகக் கழுத்தில் வைத்து, அந்த ஆள் பின்னாலேயே ஜன்னல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்.

அவர் ஜன்னல் விளிம்பில் சாய, அவள் தலை பக்கவாட்டில் வெளியே தொங்கியது. கீழே சாக்கு போட்ட உடம்பு தெரிந்தது. கூட்டம் அண்ணாந்து பார்த்து அலறியது. தொண்டையில் இரும்பு அழுத்தியது. செத்துவிடுவோம் என்று அவளுக்குச் சத்தியமாகப் பயம் வந்தது. அக்கா முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாரும் தள்ளிப் போங்க! இவளையும் தள்ளிடுவேன்!"

இவளையும் என்ற வார்த்தை அறை முழுக்க எல்லோருக்கும் கேட்டது.

இருந்த கொஞ்ச மூச்சையும் திரட்டி சைரன் கத்தினாள். "மணிய அடிடா!"

கத்திவிட்டு முழங்காலை மடக்கித் தரையோடு சரிந்தாள். மணிக்காரர் ஒற்றைக் கண்ணோடு, மொத்த உடம்பையும் கயிற்றில் தொங்கவிட்டார். வெண்கலம் ஒரு பக்கம் போய், திரும்பி, ஜன்னல் பக்கம் முழு வீச்சில் வந்தது. சைரனின் உச்சந்தலைக்கு மேலே காற்று கடந்தது. பின்னால் விலா எலும்புகள் முறியும் சத்தத்தை மணியோசை விழுங்கிவிட்டது. மணி இரண்டாம் தடவை வருவதற்குள் நிதானம் நல்ல கையால் அந்த ஆளின் காலைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

வாயில் ரத்தம் நுரைக்க அவர் சுவரில் சாய்ந்து கிடந்தார். இன்ஸ்பெக்டர் தாடையைப் பிடித்தபடியே விலங்கு மாட்டினார்.

"யாரு நீங்க?" என்றார் நிதானம்.

"வாத்தியாருக்கு மூத்த பையன்." பேசும்போது வலித்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அம்மா ரெண்டாம் கப்பல். ஆசப்பட்டுத்தான் கட்டிக்கிட்டாரு. அப்புறம் அவரு வீட்டுல பேசிப் பேசி, எனக்கு ஆறு வயசு இருக்கப்ப ரெண்டு பேரையும் ஒரு கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டு, வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அம்மா போன வருஷம் செத்துட்டாங்க. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். காலையில வெளியாள்னு நெனச்சு என்னை மேல கூட்டிட்டு வந்தாரு. அந்தப் படி வந்ததும் நின்னு, நான் விழறதுக்காகக் காத்திருந்தாரு. நான் தாண்டிட்டேன். தெரிஞ்சு தாண்டல. கால் தாண்டிடுச்சு."

"கண்டுபிடிச்சிட்டாரா?"

"மேல வந்து வெளிச்சத்துல என் மூஞ்சியப் பாத்தாரு. அழுவாருன்னு நெனச்சேன். 'அவ இன்னும் உயிரோட இருக்காளா? இப்ப என்ன கேக்க வந்திருக்க?'ன்னாரு." கண்ணை மூடிக்கொண்டார். "கை தானாப் போயிடுச்சு."

மணிக்காரர் கயிற்றை விட்டுவிட்டு மெதுவாக அவர் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டாம் கப்பல்காரங்கள்ல அப்படி ஏத்தி அனுப்பினது ஒருத்தியத்தான். எங்கப்பாவோட தங்கச்சி. எங்கப்பா சாகற வரைக்கும் அவளத் தேடிட்டு இருந்தாரு." குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். "நான் உனக்கு மாமன் மகன்டா. கதவத் தட்டியிருந்தா தொறந்திருப்பேனே. என்னையப் போய் அவங்களுக்குக் காட்டிக் குடுத்தியே."

கல் நிபுணர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. அதைப் பார்த்து இரங்குவதா வேண்டாமா என்று சைரனுக்குத் தெரியவில்லை. கழுத்து எரிந்தது, கால் எரிந்தது.

இறங்கும்போது டார்ச் இருந்தும் இன்ஸ்பெக்டர் அந்தப் படியில் மறுபடி தடுமாறினார். விலங்கு மாட்டிய ஆள்தான் தோளைக் கொடுத்துத் தாங்கினார்.

வாசலில் மணிக்காரர் தெரிந்ததும் நூறு கைகள் ஓங்கின. சைரன் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, தன் பெயருக்குத் தகுந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். யார் தள்ளியது, அவர் யாருடைய பையன், யார் தள்ளவில்லை, யார் யாரை அடித்துப் பல்லை உடைத்தார்கள் என்பது வரைக்கும். ஒன்றையும் விடவில்லை. கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. மணிக்காரரின் மனைவி ஓடி வந்து புருஷனின் மார்பில் நாலு குத்துக் குத்திவிட்டு அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கறிக்கடைக்காரர் மட்டும் கத்தியை இறக்கவில்லை. விலங்கு மாட்டிய ஆளுக்கு எதிரே வந்து நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நெற்றி. இத்தனை நாள் யாரும் ஏன் பார்க்கவில்லை என்று சைரன் நினைத்துக்கொண்டாள்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" கண்ணை எடுக்காமலே நிதானத்திடம் கேட்டார்.

"படியத் தாண்டிட்டாரு."

கறிக்கடைக்காரர் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார்.

"உனக்கு யாரு கத்துக்குடுத்தா?"

"அப்பா," என்றார் அண்ணன். "கையப் பிடிச்சு, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி, மூணுல குதிக்கச் சொல்வாரு."

தம்பி திரும்பி, சாக்கின் கீழே கிடந்த அப்பாவைப் பார்த்தார்.

"எனக்கும் அப்படித்தான்," என்றார். கத்தியைக் கீழே போட்டுவிட்டு, ரத்தம் காயாத அந்தக் கல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.